பொட்டாசியம் அயோடேட்டைக் கையாளும் முறை: லேப் அலமாரியிலிருந்து உப்பு டப்பா வரை

பொட்டாசியம் அயோடேட் என்பது சமையல் உப்பில் அயோடினுக்காகச் சேர்க்கும் வெள்ளைப் பொடி; பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் பொட்டாசியம் அயோடைடு வேறு பொருள். முதல் வேலையாக, உங்கள் லேபில் அயோடைடு பாட்டிலும் அயோடேட் பாட்டிலும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் ஒன்றைத் தூக்கி வேறு தட்டில் வையுங்கள். போன வருஷம் எங்கள் லேபில் பி.எஸ்ஸி மாணவன் ஒருவன் டைட்ரேஷனுக்கு (கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளவு பார்க்கும் சோதனை) எல்லாம் கலந்துவிட்டு, அயோடினின் பழுப்பு நிறமே வராமல் வெறும் தண்ணீர் மாதிரி நிற்கிற ஃப்ளாஸ்கை அரை மணி நேரம் குலுக்கிக்கொண்டிருந்தான். அயோடின் இருந்தால் ஸ்டார்ச் நீலமாகும், ஸ்டார்ச் ஊற்றியும் நீலம் வரவில்லை. "ஸ்டார்ச் கெட்டுப்போச்சு சார்" என்று புதிதாகக் காய்ச்சி வேறு வந்தான். போய்ப் பார்த்தால், அயோடைடுக்கும் அயோடேட்டுக்கும் ஒரே அயோடேட் பாட்டிலிலிருந்தே எடுத்திருக்கிறான். அமிலத்தில் அயோடேட் தனியாக இருந்தால் ஒன்றும் நடக்காது, அயோடைடும் சேர்ந்தால்தான் அயோடின் வெளியே வரும்.

லேபிள் அழிந்துபோயிருந்தால் கண்டுபிடிப்பது சுலபம்தான். அயோடைடு தண்ணீரில் போட்ட வேகத்தில் கரைந்துவிடும், பழசானால் மஞ்சள் தட்டும். அயோடேட் வெள்ளையாகவே கிடக்கும், கரைவதற்கும் சோம்பேறி: 25 டிகிரியில் 100 மில்லி தண்ணீரில் 9 கிராம் சொச்சம்தான் கரையும், கொதிநீரில் 32 கிராம் வரை போகும். சாராயத்தில் கரையவே கரையாது. சுமார் 560 டிகிரியில் சிதைந்து ஆக்சிஜனை விடும். அதன் எடையில் 59.3 சதவீதம் அயோடின்.

இதை வைத்து, அயோடினை அளக்க உதவும் தயோசல்ஃபேட் கரைசலை ஸ்டாண்டர்டைஸ் செய்வதுதான், அதாவது அதன் சரியான செறிவைக் கண்டுபிடிப்பதுதான், லேபில் முக்கிய வேலை. 120 டிகிரி ஓவனில் ஒரு மணி நேரம் உலர்த்தி, டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய ஜாடி) ஆறவிட்டு எடை போடுங்கள், சூடாகவே தராசில் வைத்தால் எடை ஆடிக்கொண்டே இருக்கும். மூலக்கூறு எடை 214, ஒரு அயோடேட் ஆறு தயோசல்ஃபேட்டைச் சாப்பிடும், ஆகவே 0.1 நார்மலுக்கு (நார்மல் என்பது கரைசலின் செறிவைச் சொல்லும் அளவு) லிட்டருக்கு 3.567 கிராம். 250 மில்லி ஃப்ளாஸ்க் என்றால் 0.8917 கிராம். பீக்கரில் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, நன்றாக ஆறிய பிறகுதான் ஃப்ளாஸ்கில் கோடு வரை நிரப்ப வேண்டும். சென்னை மே மாதத்தில் குழாய்த் தண்ணீரில் வைத்து ஆறவைக்கலாம் என்று நினைக்காதீர்கள், அதுவே வெந்நீராகத்தான் வரும்.

உப்பில் அயோடின் பார்க்கவும் இதே கணக்குதான். 10 கிராம் உப்பை 50 மில்லி தண்ணீரில் கரைத்து, 2 நார்மல் கந்தக அமிலம் 1 மில்லி, 10 சதவீத அயோடைடு கரைசல் 5 மில்லி சேர்த்து, மூடி, இருட்டில் 10 நிமிஷம் வையுங்கள். வெளிச்சத்தில் வைத்தால் காற்றே கொஞ்சம் அயோடைடை அயோடினாக்கி உங்களுக்குக் கூடுதல் விடை கொடுத்துவிடும். அப்புறம் 0.005 நார்மல் தயோசல்ஃபேட்டை விட்டுக்கொண்டே வந்து, வைக்கோல் மஞ்சளாக வெளுத்ததும் ஸ்டார்ச் சேருங்கள், முன்னாடியே ஊற்றினால் அயோடினைப் பிடித்துக்கொண்டு சீக்கிரம் விடாது. செலவான ஒவ்வொரு மில்லிக்கும் 10.58 பிபிஎம் அயோடின் (பிபிஎம் என்றால் ஒரு கிலோ உப்பில் இத்தனை மில்லிகிராம்). கடையில் வாங்கும் உப்பில் 15 பிபிஎம்முக்குக் குறையக் கூடாது, அதாவது 1.4 மில்லியாவது வர வேண்டும்.

அயோடைடு இருக்க, உப்பில் ஏன் அயோடேட்டைப் போடுகிறார்கள்? நம் ஊர்க் காற்றுதான் காரணம். ஈரத்திலும் வெயிலிலும் அயோடைடு காற்றோடு சேர்ந்து அயோடினாகிப் பறந்துவிடும், அயோடேட் தாக்குப்பிடிக்கும். 15 பிபிஎம்முக்கு ஒரு கிலோ உப்பில் 25 மில்லிகிராம் அயோடேட் போதும், ஸ்பாட்டுலா நுனியில் ஒட்டுகிற அளவு. அதனால் வீட்டில் கல்லுப்பை அலசிவிட்டுப் போடுகிற பழக்கம் இருந்தால் விடுங்கள், மேலே ஒட்டியிருப்பது தண்ணீரோடு போய்விடும். டப்பாவை அடுப்பு ஓரத்தில் திறந்து வைக்காதீர்கள், ஈரக் கரண்டி வேண்டவே வேண்டாம். உப்பில் எலுமிச்சையும் சோற்றுக் கஞ்சியும் விட்டு நீலம் வருகிறதா என்று பார்க்கும் வீடியோக்களை நம்பாதீர்கள், அயோடைடு சேர்க்காத சோதனையில் நல்ல உப்பும் பேசாமல் இருந்துவிடும்.

பாட்டிலுக்கு வருவோம். அயோடேட் தானாக எரியாது, பக்கத்தில் இருப்பதை எரிய வைக்கும். கந்தகம், கரித்தூள், அலுமினியத் தூள், சர்க்கரை, காகிதம் எதனோடும் சேர்த்து வைக்காதீர்கள், இவற்றோடு கல்வத்தில் போட்டு அரைக்கவே கூடாது. பலர் செய்யும் தப்பு, மேஜையில் சிந்தியதை டிஷ்யூவால் துடைத்துக் குப்பைக் கூடையில் போடுவது. காய்ந்த காகிதமும் அயோடேட்டும் சேர்ந்தால் ஒரு பொறி போதும். ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியையும் நிறையத் தண்ணீரில் அலசிவிட்டுக் காயப் போடுங்கள். மரத்தூள் தூவவே கூடாது. தீப்பிடித்தால் நிறையத் தண்ணீர்தான் வழி, போர்வையால் மூடினால் அது தன் ஆக்சிஜனைத் தானே கொடுத்துக்கொள்ளும். கையுறை, கண்ணாடி கட்டாயம். கையில் அயோடின் கறை பட்டால் இரண்டு சொட்டு தயோசல்ஃபேட் விட்டால் போய்விடும்.

கண்ணில் தெறித்தால் 15 நிமிஷம் தண்ணீரில் கழுவி டாக்டரிடம் போங்கள். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்காமல், பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரி. அளவு மிஞ்சினால் விழித்திரை பாதிக்கப்பட்டு பார்வையே மங்கும், ஏற்கெனவே அப்படி நடந்திருக்கிறது.

கல்பாக்கம் அணுமின் நிலையம் பக்கத்தில் இருப்பதால் சிலர் கேட்பது இது: "அணுக்கசிவு வந்தால் இதைச் சாப்பிடலாமாமே?" பெரியவர்களுக்கு 170 மில்லிகிராம் அயோடேட் மாத்திரை என்று ஒரு கணக்கு உண்டு, உண்மைதான், அதில் 100 மில்லிகிராம் அயோடின் இருக்கும். ஆனால் அது மருந்துத் தரத்தில் செய்த மாத்திரை, அரசு சொல்லும் நேரத்தில் மட்டும் போட வேண்டியது. பாரிமுனையில் வாங்கிய லேப் பாட்டிலிலிருந்து அள்ளிப் போடுகிற சமாசாரம் இல்லை.