இணையவழி வகுப்பில் கலந்துரையாடல்: முதல் பதிலை நீங்கள் எழுதாதீர்கள்

ஆசிரியர்களுக்கான இணையவழிப் பயிற்சிகளில் கலந்துரையாடலை நடத்தப் புதிதாக வருபவர்களைக் கவனித்துக்கொண்டே இருக்கிறேன். ஏழெட்டு வருஷத்துக்கு முன் நான் செய்த தவறுகளையே அவர்களும் செய்கிறார்கள். மைக்கை அணைக்க மறப்பது, லிங்க்கை மாற்றி அனுப்புவது எல்லாம் இரண்டு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். சில தவறுகள் அப்படிப் போவதில்லை.

முந்திக்கொண்டு பதில் சொல்வது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. போன மாதம் ஒரு கணிதப் பயிற்சியில் அருமையான கேள்வி ஒன்றைப் போட்டிருந்தார்கள்: '1/2 + 1/3 = 2/5 என்று எழுதிய குழந்தையிடம் என்ன கேட்பீர்கள்?' ஓர் ஆசிரியை தயங்கித் தயங்கி எழுதினார்: 'பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பாதியைவிடக் குறையுமா என்று கேட்பேன். சரியா தெரியவில்லை.'

எவ்வளவு நல்ல பதில்! 2/5 பாதியைவிடச் சிறியது என்பதை அந்தக் குழந்தையே கண்டுபிடித்துவிடும். ஆனால் நடத்துபவர் ஐந்தே நிமிடத்தில் மீச்சிறு பொது மடங்கிலிருந்து தொடங்கி நான்கு பத்தி விளக்கம் எழுதிவிட்டார். அப்புறம் வந்ததெல்லாம் 'நன்றி சார்', 'அருமை சார்', கும்பிடும் கைகள். அந்த ஆசிரியை அந்த வாரம் முழுக்க எதுவும் எழுதவில்லை.

கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று 1970-களில் அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ கண்டறிந்தார். 3 நொடி காத்திருந்தாலே மாணவர்களின் பதில்கள் நீண்டன, அவர்களே கேள்வியும் கேட்டார்கள். மாணவர் பேசி முடித்த பிறகும் அதே இடைவெளி வேண்டும் என்றார் அவர். எழுத்தில் நடக்கும் உரையாடலில் அந்த 3 நொடியை நான் ஒரு நாளாக வைத்திருக்கிறேன். முதல் 24 மணி நேரம் எல்லாவற்றையும் படிப்பேன், எதுவும் எழுத மாட்டேன். யாரையாவது யாராவது புண்படுத்தினால் மட்டும் உடனே தலையிடுவேன்.

மறுநாளும் விளக்கம் வேண்டாம். இருவர் சொன்னதைக் கோத்துக் கேளுங்கள்: 'நீங்கள் ரொட்டியை வெட்டிக் காட்டினீர்கள், அவர் எண்கோடு வரைந்தார். குழந்தைக்கு எது முதலில் புரியும்?'

ஆளுக்கு இரண்டு பதில் கட்டாயம் என்பது

வேண்டாம். 'நானும் இதையே நினைத்தேன்' என்றுதான் வரும்.

முதல் பதிலைப் பார்த்து எல்லோரும் எழுத விடுவது

மூடுல் (Moodle) என்ற இணையவழிக் கற்றல் தளத்தில் கேள்வி-பதில் வகை மன்றம் இருக்கிறது. தன் பதிலைப் போட்ட பிறகே மற்றவர்களுடையதைப் பார்க்க முடியும்.

ஜூமில் எட்டுப் பேரை ஒரே சிறுகுழு அறைக்கு அனுப்புவது

நான்கு பேர் போதும்.

எழுதாமல் இருப்பவரை எல்லோர் முன்னும் கேட்பது

தனிச்செய்தியில் கேளுங்கள். செல்போனில் தமிழ் தட்டச்சு வராமல் ஒதுங்கியிருப்பவர்கள் பலர். ஒருவரிடம் 'குரல்பதிவு போதும்' என்றேன். அன்றிரவே மூன்று நிமிடம் பேசி அனுப்பினார், பின்னணியில் வீட்டு மிக்ஸி சத்தத்தோடு.