பிள்ளைகள் வாயால் உண்மையை வரவழைப்பது எப்படி: டியூஷன் எடுப்பவர்களுக்கு

பர்மாவில் யாங்கோன் பக்கம் நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிறீர்களா? பாடம் எப்படி என்று கேட்டால் "நல்லா இருக்கு சயாமா" (சயாமா என்றால் பர்மியத்தில் டீச்சர்) என்றுதான் பதில் வரும், அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். புத்தர், தர்மம், சங்கம், பெற்றோர் என்ற வரிசையில் ஐந்தாவதாக ஆசிரியரையும் வைத்துக் கும்பிடுகிற நாடு இது, முகத்துக்கு நேரே குறை சொல்லப் பிள்ளைக்கு வாய் வராது.

அதனால் துண்டுச் சீட்டு கொடுங்கள், பெயர் வேண்டாம். வீட்டில் தமிழ் பேசினாலும் பல பிள்ளைகளுக்கு எழுத வருவது பர்மியம்தான், அதிலேயே எழுதட்டும். புத்தகம் பிடிக்குமா என்று கேட்காதீர்கள். போன பாடத்தில் எந்த இடத்தில் புரியாமல் போனது, எந்தப் பக்கத்தை வீட்டில் மறுபடி திறந்தாய், எதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது என்று கேளுங்கள். முக்கியமான விஷயம்: சீட்டைப் பிரிக்கும் முன் அதே கேள்விகளுக்கு நீங்களும் பதில் எழுதி வையுங்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடம்தான் உங்களுக்கு வேலை.

உதாரணத்துக்கு, ஆடியோ வேகமாகப் போகிறது என்று பிள்ளைகள் எழுதியிருப்பார்கள், உச்சரிப்பு போதவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பீர்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றாக இருக்கலாம். பர்மியத்தில் சொல்லின் கடைசி மெய் தெளிவாக ஒலிக்காது, அந்தப் பழக்கத்தில் லைக், லைட், லைஃப் மூன்றும் ஒரே மாதிரி வாயில் வரும், காதிலும் அப்படியே விழும். ஆடியோவை மாற்றுவதற்கு முன் இந்த மாதிரி மூன்று சொற்களை நீங்களே சொல்லி, எது என்று கை தூக்கச் சொல்லிப் பாருங்கள், தினமும் ஐந்து நிமிஷம் போதும்.

பெரிய வகுப்புப் பிள்ளைகள் மனப்பாடக் கட்டுரைதான் வேண்டும் என்பார்கள். கோபப்படாதீர்கள். 2016இல் கேஜியில் தொடங்கி வகுப்பு வகுப்பாகப் புதுப் பாடப் புத்தகங்கள் வந்தன, ஆனாலும் பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கிற பிள்ளைக்குக் கண் முழுக்கப் பரீட்சை மேல்தான், அது நியாயமான பயம். கட்டுரையைக் கொடுங்கள், அப்புறம் அதிலிருந்தே இரண்டு கேள்வி கேட்டுச் சொந்தமாகப் பேச வையுங்கள்.

ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள், சீட்டில் சொன்னதால்தான் மாற்றினேன் என்று வகுப்பில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். முடியாததை ஏன் முடியாது என்றும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை வெற்றுச் சீட்டுதான் திரும்பி வரும்.