பழைய கற்சுவரில் கை வைக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாதுகாக்கப்பட்ட பழங்கட்டடங்களில் கல்வேலைக்குப் புதிதாக வருகிறவர்களைப் பார்க்கும்போது, நாங்கள் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகள் வரிசை மாறாமல் திரும்ப வருகின்றன. அனுமதி வாங்காமல் தொடங்குவது, சாரத்தைச் சரியாகக் கட்டாமல் ஏறுவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவை தவறு என்று எல்லோருக்கும் தெரியும். நல்ல கைத்திறன் உள்ளவர்களும் அக்கறையாக வேலை செய்கிறவர்களும் செய்கிற தவறுகளைத்தான் சொல்லப் போகிறேன்.

"ஒரு கை சிமெண்ட் போட்டுக்கலாம்"

இதைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்.

சுண்ணாம்புக் காரையால் கட்டிய சுவரில் சிமெண்ட் பாயிண்டிங் (கல் இடைவெளிகளைக் காரையால் அடைப்பது) செய்யக் கூடாது என்பது இப்போது பலருக்கும் தெரிந்துவிட்டது. சுண்ணாம்பு வாங்கி வைக்கிறார்கள், மணலைச் சலித்து வைக்கிறார்கள், எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது. பிற்பகலில் வானம் கறுக்கும். வைத்த காரை இன்னும் பிடித்திருக்காது. அப்போதுதான் யாராவது ஒருவர் சொல்வார்: "அண்ணே, ஒரு கை சிமெண்ட் போட்டுக்கலாம், சீக்கிரம் பிடிச்சுக்கும்." மற்றவர்களும் சரி என்பார்கள்.

அந்த ஒரு கை என்ன செய்கிறது என்று புரிய, பழைய சுவர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். அது தண்ணீரை முழுசாகத் தடுத்து நிறுத்துகிற சுவர் இல்லை. மழை பெய்தால் கொஞ்சம் ஈரம் இழுக்கும், வெயில் வந்தால் வெளியே விடும். அந்த ஈரம் பெரும்பாலும் வெளியேறுவது கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள ஜாயிண்ட் வழியாக. சுண்ணாம்புக் காரை கல்லைவிட மென்மையானது, ஈரத்தை எளிதாக விடக்கூடியது. ஈரத்தோடு வரும் உப்பும் அங்கேதான் பூக்கும். காலப்போக்கில் காரை உதிரும். உதிரட்டும், அதற்காகத்தான் அது அங்கே இருக்கிறது. சுரண்டி எடுத்துவிட்டுப் புதுக் காரை வைத்துக்கொள்ளலாம்.

ஜாயிண்ட் கல்லைவிடக் கடினமாகிவிட்டால் எல்லாம் தலைகீழாகிறது. ஈரத்துக்கு வேறு வழியில்லாமல் கல்லின் முகம் வழியாக வெளியேறும். தோலுக்குச் சற்று உள்ளே உப்பு படிகமாக இறுகி, கல்லைப் பொருக்குப் பொருக்காகத் தள்ளும். சிமெண்டும் தன் பங்குக்குக் கரையும் உப்புகளைக் கொண்டுவந்து சுவருக்குள் விடும்.

"கொஞ்சம்தானே" என்பார்கள். கொஞ்சமாகப் போடுவதும் கெடுதல்தான். கலவை இறுகும்போது அந்தச் சிறிதளவு சிமெண்ட் சுண்ணாம்போடு ஒன்றாமல் பிரிந்து நுண்துளைகளில் போய் அடைகிறது. சிமெண்டின் பலமும் வராது, சுண்ணாம்பின் நெகிழ்வும் இருக்காது.

இப்படிக் கலந்து வைத்த ஒரு மணற்கல் சுவரைச் சில வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தேன். வைத்த அன்று கோடு பிடித்த மாதிரி அழகாக இருந்த வேலை அது. இப்போது ஜாயிண்டுகள் மட்டும் வலைபோலப் புடைத்து நிற்க, கற்கள் ஒரு விரல் ஆழம் உள்ளே போயிருந்தன. தேய்த்தால் மணல் கொட்டியது. உளிப் பிடியால் தட்டினேன், உள்ளே வெற்றிடம் இருப்பது போன்ற சத்தம். சிற்ப விளிம்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பொருக்கு கையோடு வந்துவிட்டது. திருப்பினால் பின்பக்கம் முழுக்க வெள்ளை வெள்ளையாக உப்பு. ஒரு கல்தச்சன் எப்போதோ உட்கார்ந்து செதுக்கிய பூவின் பாதி அந்தப் பொருக்கில் இருந்தது. அதை யாரும் திரும்ப ஒட்ட முடியாது.

சீக்கிரம் இறுகும் காரை வேண்டும் என்றால் அதற்கு வழி எப்போதோ கண்டுபிடித்தாயிற்று. ரோமானியர்கள் சுண்ணாம்போடு எரிமலைச் சாம்பல் கலந்தார்கள். மிதமான சூட்டில் சுட்ட செங்கல் தூளும் அதே வேலையைச் செய்யும். 1750களில் எடிஸ்டோன் கலங்கரை விளக்கம் கட்டிய ஜான் ஸ்மீட்டன், களிமண் கலந்த சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கிடைக்கும் சுண்ணாம்பு தண்ணீருக்குள்ளேயே இறுகும் என்று சோதித்துப் பார்த்தார். போர்ட்லண்ட் சிமெண்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியது 1824இல்தான். அதற்கு முன் எழுந்த சுவர்கள் எல்லாம் அது இல்லாமலே நின்றிருக்கின்றன.

நீரில் இறுகும் சுண்ணாம்பு வாங்கப் போனாலும் ஒரு தவறு காத்திருக்கிறது. மூட்டையில் 2, 3.5, 5 என்று எண் போட்டிருக்கும். பெரிய எண் நல்ல சரக்கு என்று நினைத்து 5ஐத் தூக்கி வருகிறார்கள். இறுகிய பின் எவ்வளவு பலமாக இருக்கும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது, தரத்தை அல்ல. உதிரும் நிலையில் உள்ள மென்மையான கல்லுக்கு 5 தேவையில்லை. 2 போதுமா, வெறும் நீற்றிய சுண்ணாம்பே போதுமா என்று முதலில் பாருங்கள்.

மழைக்குப் பயமாக இருந்தால் தார்ப்பாய் கட்டுங்கள்.

கிரைண்டர்

பழைய சிமெண்டை எடுக்கிறேன் என்று கிரைண்டரோடு சாரத்தில் ஏறுவது இதற்கு அடுத்த தவறு. தட்டு வட்டமானது. நெட்டு ஜாயிண்டின் (செங்குத்தாக நிற்கும் ஜாயிண்டின்) மூலைவரை முழு ஆழத்துக்கு வெட்ட வேண்டுமானால் அது மேல் கல்லிலும் கீழ்க் கல்லிலும் வெட்டிக்கொண்டு போகும். பல சுவர்களில் ஒவ்வொரு நெட்டு ஜாயிண்டின் இரு முனையிலும் அந்தக் கீறலைப் பார்த்திருக்கிறேன். கல்லின் கூர்மையான விளிம்பு ஒருமுறை போனால் ஜாயிண்ட் அகலமாகத் தெரியும், அப்புறம் எவ்வளவு நன்றாகக் காரை வைத்தாலும் சுவரின் முகம் மாறிவிட்டதுதான். மெல்லிய உளியும் சுத்தியும் போதும். சிமெண்ட் கல்லை விடாமல் பிடித்திருந்து, எடுத்தால் கல்லும் கூட வரும் என்றால் அந்த இடத்தை அப்படியே விட்டுவிடுங்கள்.

எடுத்த பிறகு ஆழம் பாருங்கள். ஜாயிண்ட் அகலத்தைப் போல இரு மடங்கு, குறைந்தது 25 மில்லிமீட்டர். மேலே தடவிவிட்ட காரை தோலாக உரிந்து வந்துவிடும்.

காரையைக் காய விடுவது

சுண்ணாம்புக் காரை காய்வதால் இறுகுவதில்லை. காற்றில் உள்ள கரியமில வாயுவை வாங்கி மெல்ல மெல்லக் கல்லாகிறது, அதற்கு ஈரம் வேண்டும். வெயிலும் காற்றும் ஈரத்தை இழுத்துக்கொண்டால் காரை மாவாகவே நின்றுவிடும். வைப்பதற்கு முன் கல்லை நனையுங்கள், வைத்த பின் ஈரச் சாக்குத் தொங்கவிட்டு நாள்கணக்கில் தண்ணீர் காட்டுங்கள். வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போகும் காலத்தில் இந்த வேலையே வேண்டாம்.

சந்தேகம் இருந்தால் ஓர் ஓரத்தில் சுரண்டி, ஃபினால்ஃப்தலீன் என்ற நிறங்காட்டி திரவம் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். ரோஜா நிறம் வந்தால் அந்த ஆழத்தில் காரை இன்னும் கல்லாகவில்லை.

படிவு பார்க்காமல் கல் வைப்பது

மணற்கல்லும் பெரும்பாலான சுண்ணாம்புக்கல்லும் அடுக்கடுக்காகப் படிந்து உருவானவை. சுவரில் வைக்கும்போதும் அந்த அடுக்குகள் படுக்கையாகவே இருக்க வேண்டும். அடுக்கு வெளிமுகத்துக்கு இணையாக நின்றால் ஏடு ஏடாக உரியும். வளைவில் கணக்கு வேறு: அழுத்தம் வரும் திசைக்குக் குறுக்கே அடுக்கு இருக்க வேண்டும். படிவு கண்ணுக்குத் தெரியாத கல் உண்டு. குவாரியிலேயே குறி போட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

மணல் வீச்சாலும் அமிலத்தாலும் கல்லைச் சுத்தம் செய்வது

கூடாது.

நீர்விலக்கிப் பூச்சு

உள்ளே ஈரமும் உப்பும் இருக்கும் சுவருக்கு மேலே மூடி போடாதீர்கள். ஓதம் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் உடைந்த மழைநீர்க் குழாயோ அடைபட்ட வடிகாலோதான்.

இரும்புப் பிடிகள்

கல்லுக்குள் போன சாதா இரும்பு துருப்பிடித்தால் பல மடங்கு பருத்துக் கல்லைப் பிளக்கும். ஏதென்ஸின் பார்த்தெனான் கோயிலில் பழைய கிரேக்கர்கள் இரும்புப் பிடிகளைச் சுற்றி ஈயம் உருக்கி ஊற்றியிருந்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பழுதுபார்த்த பொறியாளர் பாலானோஸ் ஈயக் காப்பில்லாத இரும்பைப் போட்டார். துரு பளிங்கைப் பிளந்தது. பின்னால் வந்தவர்கள் அதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து டைட்டானியம் வைக்க வேண்டியிருந்தது. டைட்டானியம் கட்டுப்படியாகாவிட்டால் துருப்பிடிக்காத எஃகாவது போடுங்கள்.

தேய்ந்ததையெல்லாம் மாற்றுவது

மூக்கு மழுங்கிய கல் பழுதான கல் அல்ல. தண்ணீர் வழிய வேண்டிய இடத்தில் வழிகிறதா, பாரம் தாங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் கையை எடுங்கள். ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டமைப்பு நிற்க வேண்டும் என்று பழங்கட்டடப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆவணமான 1964 வெனிஸ் சாசனம் சொல்கிறது. புதிதாக வைப்பது பழையதோடு இசைந்தாலும், புதியது என்று பிரித்தறியும்படி இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. மாற்றியே ஆக வேண்டும் என்றால் எந்தக் கல், எந்தக் குவாரி, என்ன கலவை, என்ன விகிதம் என்று எழுதி, முன்னும் பின்னும் படம் எடுத்துக் கட்டடத்தின் கோப்பில் சேர்த்துவிடுங்கள். அடுத்து அந்தச் சாரத்தில் ஏறுகிறவர் முதலில் தேடுவது அதைத்தான்.