குடியை விட நினைப்பவர் முதல் கூட்டத்துக்குப் போக

நான் நீடாமங்கலம் பக்கம் டிராக்டர் மெக்கானிக். குடியை விட்டு ஆறு வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் எத்தனை தடவை விட்டேன் என்று எனக்கே கணக்குத் தெரியாது. ஐயப்பனுக்கு மாலை போட்டால் 48 நாள் கைபடாமல் இருப்பேன். மாலையைக் கழற்றிய ராத்திரியே கடை வாசலில் நிற்பேன். கோயிலில் கயிறு கட்டினேன், மகள் தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணினேன். பொய்ச் சத்தியம் இல்லை, மனசாரத்தான் பண்ணினேன். ஆனால் எல்லாவற்றையும் தனியாளாகவே செய்து பார்த்தேன். குடிநோயாளிகளே கூடி ஒருவருக்கொருவர் துணையாக நிற்கும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்குப் போன பிறகுதான் நின்றது. போக நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் டாக்டர். தினமும் குடிக்கிறவர், காலையில் கை நடுங்குகிறவர் சட்டென்று நிறுத்தக் கூடாது. முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். அதற்கடுத்த நாட்களில் இல்லாத பூச்சி தெரியும், ஆள் அடையாளம் தெரியாமல் போகும். இதில் உயிரே போகலாம். தஞ்சாவூர், திருவாரூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவுக்குப் போய், எவ்வளவு குடிக்கிறோம் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். 'குவாட்டர்தான் சார்' என்று நான் பாதியை மறைத்தேன். டாக்டர் என் விரலைப் பார்த்தபடியே மறுபடி கேட்டார்.

வீட்டாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். குடிக்கிறவருக்குத் தெரியாமல் குழம்பில் குடியை நிறுத்தும் மாத்திரை கலக்காதீர்கள். டைசல்ஃபிராம் என்ற அந்த மாத்திரை உள்ளே இருப்பது தெரியாமல் ஒருவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கிவிடும். டாக்டர் சொல்லி, அவரும் சம்மதித்துச் சாப்பிட வேண்டிய மருந்து அது.

கூட்டம் எங்கே என்று தேட, 14446-க்குப் போன் பண்ணலாம். அரசாங்கத்தின் போதை மீட்பு உதவி எண், காசு கிடையாது. மனநலப் பிரிவில் ஆலோசகரிடமும் கேட்கலாம். பல ஊர்களில் சர்ச் வளாகத்திலோ பள்ளிக்கூட அறையிலோ சாயங்காலம் நடக்கும். அறையை வாடகைக்கு எடுத்திருப்பார்கள், அவ்வளவுதான். யாரும் மதம் மாற்ற மாட்டார்கள். கிளம்புவதற்கு முன் போன் பண்ணி நாளையும் நேரத்தையும் உறுதி பண்ணிக்கொள்ளுங்கள்.

நம் பக்கம் பெரிய தடை கூச்சம்தான். டீக்கடையில் ஒருவன் பார்த்தால் பொழுது சாய்வதற்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். சொந்த ஊர் வேண்டாம் என்றால் பக்கத்து ஊருக்குப் போங்கள். நான் அம்மாப்பேட்டை, சாலியமங்கலம் தாண்டித் தஞ்சாவூருக்குப் போனேன். முதல் நாள் அந்த வாசலை இரண்டு தடவை கடந்துபோய்த் திரும்பி வந்தேன். வெளியே செருப்பு விட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "வாங்க தம்பி, உள்ளதான்" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள், டீ, பத்துப் பன்னிரண்டு பேர். ஒருவர் எழுந்து தன் பெயரை மட்டும் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பிப்பார். ஊர், சாதி, வேலை யாரும் விசாரிப்பதில்லை. ஒருவர் பேசும்போது குறுக்கே புத்தி சொல்வதும் கிடையாது. டாக்டரோ தலைவரோ எதிரே உட்கார்ந்து பாடம் நடத்த மாட்டார். 1935-ல் அமெரிக்காவில் இது ஆரம்பித்ததே இரண்டு குடிநோயாளிகள் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டதில்தான். உங்கள் முறை வரும்போது, "இன்னைக்குக் கேக்க மட்டும் வந்தேன்" என்று சொன்னால் போதும். கட்டணம் இல்லை. கடைசியில் ஒரு பை சுற்றி வரும். முடிந்தவர்கள் போடுவார்கள், புதியவர் போட வேண்டியதில்லை. சேர ஒரே தகுதி, குடியை விட வேண்டும் என்ற ஆசை. குடும்பத்தாரோடு முதல் தடவை போவதென்றால் 'திறந்த கூட்டம்' எது என்று கேளுங்கள், மற்றவை குடிநோய் உள்ளவர்களுக்கு மட்டும். மனைவி, அம்மாவுக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு. அங்கே போய் வந்த பிறகுதான் என் மனைவி என் சட்டைப்பையைத் தேடுவதை நிறுத்தினாள்.

கிளம்புவதற்குள் இரண்டு பேருடைய போன் நம்பரை வாங்கிவிடுங்கள். இதுதான் ரொம்ப முக்கியம் என்று நான் நினைக்கிறேன். தொடக்கத்தில் 90 நாளில் 90 கூட்டம் என்பார்கள். வாரம் ஒரு கூட்டம் நடக்கும் ஊரில் அது நடக்காது. மீதி ஆறு நாளுக்குப் போன்தான் கூட்டம். அறுவடை சமயத்தில் மிஷின்காரர்கள் கையில் காசு புரளும், வேலை முடிந்ததும் 'வாண்ணே' என்று கூப்பிடுவார்கள். அந்த நேரத்துக்கு முன்னாலேயே வாங்கி வைத்த நம்பருக்குப் போன் பண்ணிவிட வேண்டும், குடித்த பிறகு இல்லை. திரும்பி வரும் பஸ்ஸையும் யோசித்து வையுங்கள். டாஸ்மாக் இரவு 10 வரை திறந்திருக்கும்; அதன் எதிரே இறங்குவதைவிட ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கி நடப்பது மேல்.

நடுவில் குடித்துவிட்டாலும் அடுத்த வாரம் போங்கள். நான் மூன்றாவது வாரமே தவறினேன். தலை குனிந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். அதே பெரியவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, டீ டம்ளரை என் கையில் வைத்தார். கை நடுங்கிச் சூடான டீ வேட்டியில் சிந்தியது. அவர் தன் துண்டால் துடைத்துவிட்டு, "இன்னைக்குக் குடிக்கலையே, அது போதும்" என்றார்.