கிணற்று உப்பை ஒளியில் பார்ப்பது எப்படி: டானிக் வாட்டர், புற ஊதா டார்ச், நாலைந்து புட்டி

எங்கள் வீடு ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊருக்கு மேற்கே, கடலிலிருந்து கூப்பிடு தூரம். கிணறு உண்டு, ஆனால் தண்ணீர் கரிக்கும். பாத்திரம் கழுவத்தான் ஆகும். காவிரிக் குழாயில் தண்ணீர் வராத நாளில் அம்மா மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு, ஒரு வாய் வைத்துப் பார்த்த பிறகுதான் குடத்தில் ஊற்றுவார். அந்த நாக்கு சொல்வதைக் குயினைன் என்ற மூலக்கூறும் ஒளியால் சொல்லும். மூன்று நாள் தவறாகச் செய்து நாலாம் நாள்தான் எனக்குச் சரியாக வந்தது. முதல் முறை செய்பவர்களுக்காக எழுதுகிறேன்.

வாங்க வேண்டியவை

குயினைன் உள்ள டானிக் வாட்டர் (கசக்கும் சோடா பானம்). சில கடைகளில் சோடாவையே எடுத்துத் தருவார்கள். லேபிளில் குயினைன் என்று இருக்கிறதா பாருங்கள். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர், ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்ச், ஒரே அளவுள்ள சிறு கண்ணாடிப் புட்டிகள், சிட்ரிக் ஆசிட் தூள், பொடி உப்பு.

டார்ச் விஷயத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். ஒளியின் அலைநீளம் 365 நானோமீட்டர் என்று கேட்டு வாங்குங்கள். 395 மலிவுதான், ஆனால் குயினைன் நன்றாக உறிஞ்சுவது 350ஐ ஒட்டிய ஒளியை. 395 டார்ச்சின் ஊதா வெளிச்சமே கண்ணை நிறைத்துவிடும்; குயினைனின் நீலம் அதில் அமுங்கிப்போகும். எதுவானாலும் கண்ணுக்கு நேரே அடிக்காதீர்கள், பிள்ளைகள் கையில் தராதீர்கள்.

டார்ச் அடித்ததும் உள்ளே நடப்பது

குயினைன் ஒளியை உறிஞ்சும் கணம் ஒரு விநாடியைப் பத்து லட்சம் கோடியாக வெட்டினால் வரும் துண்டையும் விடச் சிறியது. உடனே அது ஆற்றல் கூடிய கிளர்வு நிலைக்கு ஏறுகிறது. ஏறிய வேகத்தில் அதிர்ந்து, கிடைத்த ஆற்றலில் கொஞ்சத்தைச் சுற்றியுள்ள தண்ணீருக்கு வெப்பமாகக் கொடுத்துவிடுகிறது. மிச்சத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. அமிலக் கரைசலில் அந்தக் காத்திருப்பு சராசரியாக 20 நானோ விநாடி (ஒரு நானோ விநாடி என்பது விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு). பிறகு நீல ஒளியாக, 450 நானோமீட்டரை ஒட்டி, வெளியே விடுகிறது. வழியில் கொஞ்சம் போய்விட்டதால், வரும் ஒளி எப்போதும் வாங்கிய ஒளியைவிட ஆற்றல் குறைந்தது. 1852இல் இயற்பியலாளர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் குயினைன் கரைசலை வைத்துத்தான் இதை விளக்கினார்.

அந்த 20 நானோ விநாடியில்தான் விஷயமே இருக்கிறது. நிறைகுடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு சந்தைக்குள் நடக்கிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். யாரும் இடிக்காவிட்டால் குடம் வீடு வந்து சேரும். இடித்தால் தண்ணீர் வழியிலேயே சிந்தும். உப்பு தண்ணீரில் கரையும்போது குளோரைடு அயனி பிரிந்து வரும். கிளர்வில் இருக்கும் குயினைனை அது வந்து இடித்தால் ஆற்றல் ஒளியாகாமல் வெப்பமாகப் போய்விடும். குயினைனும் அழிவதில்லை, குளோரைடும் செலவாவதில்லை. குளோரைடு கூடக் கூட இடி கூடும், ஒளி மங்கும். ஸ்டெர்ன், வால்மர் என்ற விஞ்ஞானிகள் இருவரும் 1919இல் இதற்குச் சமன்பாடே தந்தார்கள். செல்லுக்குள் குளோரைடு அளக்க ஆய்வகங்களில் பயன்படும் எஸ்.பி.கியூ என்ற புரோப் மூலக்கூறும் குயினைனைப் போலவே குயினோலின் என்ற வளைய அமைப்பு கொண்டதுதான்.

செய்முறை

டானிக் வாட்டரை முந்தின நாள் இரவே திறந்து வைத்து வாயு போகவிடுங்கள். குமிழி இருந்தால் டார்ச் வெளிச்சம் சிதறும்.

ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் 10 கிராம் உப்பைக் கரைத்து, அதிலிருந்து லிட்டருக்கு 5, 2, 1, அரை கிராம் என்று நீர்த்துக்கொள்ளுங்கள். இவைதான் அளவுகோல். ஒவ்வொரு புட்டியிலும் 10 மில்லி டானிக் வாட்டர், அதோடு 10 மில்லி மாதிரி நீர். ஒரு புட்டியில் உப்பே இல்லாத டிஸ்டில்டு வாட்டரை ஊற்றுங்கள். இது கட்டாயம்: எந்தத் தண்ணீர் சேர்த்தாலும் குயினைன் பாதியாக நீர்த்துப்போகும், அதனால் கொஞ்சம் மங்கும். இந்தப் புட்டி இல்லாவிட்டால் அந்த மங்கலையும் உப்பின் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

நான் மாட்டிக்கொண்ட இடம்

முதல் நாள் கடல்நீர்ப் புட்டி கிட்டத்தட்ட அணைந்தே போனது, மகிழ்ச்சி. கிணற்று நீர்ப் புட்டி மங்கியதோடு, நிறமும் கொஞ்சம் ஊதாப் பக்கம் போனது. உப்பு நிறத்தை மாற்றாதே என்று உறுத்தியது. காரணம் அமிலம். குயினைன் நன்றாக ஒளிர அமிலம் வேண்டும். டானிக் வாட்டரில் அது இருக்கிறது. எங்கள் கிணற்று நீரிலுள்ள பைகார்பனேட் அந்த அமிலத்தைத் தின்றுவிடுகிறது.

சரி, அமிலம் சேர்ப்போம் என்று குளியலறை கழுவும் ஆசிட்டை எல்லாப் புட்டியிலும் நாலைந்து சொட்டு விட்டேன். உப்பே இல்லாத டிஸ்டில்டு புட்டி என் கண்ணெதிரே மங்கிப்போனது. இரண்டு நாள் டார்ச்சைக் குறை சொன்னேன், டானிக் வாட்டரைக் குறை சொன்னேன். அப்புறம் ஆசிட் பாட்டிலின் லேபிளைப் படித்தேன்: ஹைட்ரோகுளோரிக் அமிலம். நான் தேடிக்கொண்டிருந்த குளோரைடை நானே கையால் ஊற்றியிருக்கிறேன்.

ஆகவே சிட்ரிக் ஆசிட் மட்டும். எல்லாப் புட்டியிலும் ஒரே அளவு, ஒரு சிட்டிகை. போட்டதும் கிணற்று நீர்ப் புட்டியின் நிறம் நீலத்துக்குத் திரும்பியது. மங்கல் மட்டும் அப்படியே நின்றது. அந்த மங்கல்தான் உப்பு.

படம் எடுக்கும்போது

போன் கேமரா மங்கலான புட்டியைத் தானாகவே பிரகாசமாக்கிவிடும். தனித்தனியாக எடுத்தால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். எல்லாப் புட்டியையும் ஒரே வரிசையில், ஒரே படத்தில் எடுங்கள். புரோ மோடில் ஐ.எஸ்.ஓ.வையும் ஷட்டரையும் பூட்டிவிடுங்கள். பின்னால் கறுப்புத் துணி வேண்டும். வெள்ளை வேட்டியும் ஏ4 தாளும் தாமே நீலமாக ஒளிரும்.

எங்கள் வீட்டுக் கிணறு 2 கிராம் புட்டிக்கும் 5 கிராம் புட்டிக்கும் நடுவில் நின்றது. அம்மாவின் ஊற்று நீர் அரை கிராம் புட்டியைவிடத் தெளிவாக ஒளிர்ந்தது. படத்தைக் காட்டினேன். "இதைத்தான் நான் நாக்குலயே சொல்றேனே" என்றார்.

பின்சேர்க்கை 1: பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையில் செய்யலாமா என்று கேட்டிருந்தார்கள். அதிலுள்ள ரிபோஃபிளேவின் பச்சை கலந்த மஞ்சளாக அழகாக ஒளிரும். ஆனால் அதன் காத்திருப்பு குறைவு, குளோரைடும் அதை அவ்வளவாகத் தொடாது, கடல்நீரிலும் ஒளிரும். எனவே உப்பு பார்க்க உதவாது. குயினைனுக்குப் பக்கத்தில் ஒரு புட்டி வைத்தால் வேறுபாடு புரியும். வெயிலில் வைத்தால் ரிபோஃபிளேவின் சிதைந்து அந்தப் பச்சை கலந்த மஞ்சள் ஒளிர்வை இழந்துவிடும். இடிபட்டு மங்குவது வேறு, இப்படி அழிவது வேறு.

பின்சேர்க்கை 2: இதை வைத்துக் குடிநீரைத் தீர்மானிக்கலாமா? கூடாது. இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500இன்படி குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 1000 வரை. உப்பின் எடையில் சுமார் 60 சதவீதம் குளோரைடு என்பதால் அரை கிராம் புட்டியே முதல் வரம்பைத் தாண்டியது. துல்லியத்துக்குச் சில்வர் நைட்ரேட் சோதனைதான் வழி. கிருமியையும் நைட்ரேட்டையும் குயினைன் காட்டாது.

பின்சேர்க்கை 3: ஒரே ஊற்றில் காலையில் ஒரு மாதிரி, மாலையில் ஒரு மாதிரி வருகிறது என்று இருவர் எழுதினார்கள். சோதனையில் தவறில்லை. மணலில் இறங்கிய மழைநீர் எடை குறைந்தது. கீழே இருக்கும் உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நாள் முழுக்க இறைத்தாலோ ஆழமாகத் தோண்டினாலோ கீழிருந்து உப்பு ஏறும். மாதிரியை விடியற்காலையில், மேலாக, சிரட்டையால் மொண்டு எடுங்கள். மாலையில் இன்னொன்று. புட்டியில் நேரத்தை எழுதி ஒட்டிவிடுங்கள்.