ஸ்மால் செல் சப்ளையரைப் பிடிப்பது எப்படி: பெட்டியைக் கடைசியில் பாருங்கள்

மேக்ரோ டவர் (ஊர்ப்பக்கம் பார்க்கும் பெரிய மொபைல் கோபுரம்) கூட்டத்தைத் தாங்கவில்லை, ஸ்மால் செல் (கட்டடத்துக்குள்ளோ விளக்குக் கம்பத்திலோ மாட்டும் சின்ன மொபைல் நிலையம்) போட்டுவிடலாம் என்று முடிவானதும் எல்லோரும் முதலில் செய்வது, நாலைந்து கம்பெனிகளின் டேட்டாஷீட்டை இறக்கி எத்தனை வாட், எத்தனை எம்பிபிஎஸ், எத்தனை யூசர் என்று எக்செலில் போட்டு ஒப்பிடுவதுதான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அந்த எக்செலில் முதலிடம் வந்த பெட்டியை ஒரு அலுவலகக் கட்டடத்தில் மாட்டினோம், பகலெல்லாம் பிரமாதமாக ஓடியது, இரவு பத்தரை வாக்கில் மட்டும் மூன்றாம் மாடி செல் தானாக அணைந்துவிடும். பெட்டியை மாற்றினோம், கேபிளை மாற்றினோம், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் பார்த்தால் அந்த நேரத்தில்தான் அலுவலக சர்வர்களின் பேக்கப் ஓடுகிறது, நடுவில் இருந்த பழைய ஸ்விட்ச்சில் செல்லுக்குச் சரியான நேரத்தைக் கொண்டுவரும் பாக்கெட்டுகள் வரிசையில் சிக்கித் தாமதமாகின்றன, செல்லோ தன் கடிகாரத்தை நம்ப முடியாமல் ஒலிபரப்பை நிறுத்திக்கொள்கிறது.

அதனால் எந்தக் கம்பெனியிடமும் பேசுவதற்கு முன் இந்த சிங்க் விஷயத்தை, அதாவது எல்லா செல்களின் கடிகாரமும் ஒன்றாக ஓடுவதை, முடித்துவிடுங்கள். டிடிடி பேண்டில் (அனுப்புவதும் வாங்குவதும் ஒரே அலைவரிசையில் மாறி மாறி) ஓடும் நெட்வொர்க் என்றால் அக்கம்பக்கத்து செல்களுக்கு இடையே நேர வித்தியாசம் 3 மைக்ரோ செகண்டைத் தாண்டக்கூடாது, அதாவது பொதுக் கடிகாரத்திலிருந்து ஒவ்வொன்றும் 1.5-க்குள் நிற்கவேண்டும். அதற்கு முக்கிய வழி இரண்டு: ஒன்று ஜிபிஎஸ், மற்றது பிடிபி, அதாவது நெட்வொர்க் கேபிள் வழியாகவே நேரத்தை அனுப்பும் முறை. வெளியே விளக்குக் கம்பத்தில் என்றால் ஜிபிஎஸ் சுலபம். கட்டடத்துக்குள் ஆன்டெனாவை ஜன்னலோரம் வைத்தால் போதும் என்று யாராவது சொன்னால் கண்ணாடியை ஒருமுறை பாருங்கள், வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சு போட்ட கண்ணாடியாக இருந்தால் சிக்னல் உள்ளே வந்து சேருவதே பாடு. பிடிபி என்றால் வழியில் இருக்கும் ஒவ்வொரு ஸ்விட்ச்சும் அதைப் புரிந்துகொள்ளுமா என்று கேளுங்கள். புரியாத ஸ்விட்ச் நடுவில் இருந்தாலும் சமாளிக்க ஜி.8275.2 என்ற வழி உண்டு, ஆனால் அது எல்லா நெரிசலுக்கும் தாங்காது. சிங்க் அறுந்தால் எத்தனை மணி நேரம் பெட்டி தன் சொந்தக் கடிகாரத்தில் தாக்குப்பிடிக்கும் என்பதையும் சப்ளையரிடம் எழுத்தில் வாங்குங்கள். பலரும் மழுப்புவது இந்த இடத்தில்தான்.

அப்புறம் மின்சாரம். ஒரே கேபிளில் டேட்டாவும் பவரும் என்பது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் பிஓஈ பிளஸ் ஸ்விட்ச் 30 வாட் கொடுத்தால் மறுமுனைக்கு உறுதியாகக் கிடைப்பது 25.5 வாட்தான். பல 5ஜி ரேடியோக்களுக்கு இது போதாது, 60 அல்லது 90 வாட் தரும் புதிய வகை ஸ்விட்ச் தேவைப்படும், அந்தச் செலவு பெட்டியின் விலைப்பட்டியலில் எங்கும் இருக்காது.

சரி, இப்போது கம்பெனிகளுக்கு வருவோம். பெயர்களைவிட அவர்கள் விற்பது எந்த வகை என்பதுதான் முக்கியம். எரிக்சனின் ரேடியோ டாட், ஹுவாவேயின் லாம்ப்சைட், இசட்டீஈயின் கியூசெல் எல்லாம் ஒரு குடும்பம்: மூளை ஓரிடத்தில், கூரையெங்கும் சின்னச் சின்ன ரேடியோ தலைகள். பல தலைகளைச் சேர்த்து ஒரே செல்லாக ஓட்டலாம் என்பதால் ஆள் நடந்துபோகும்போது ஹேண்டோவர் (ஒரு செல்லிலிருந்து அடுத்ததற்கு மாறும்) தொல்லை குறைவு. ஆனால் தலையும் மூளையும் ஒரே கம்பெனியுடையவை, நாளைக்கு ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. பைசெல்ஸ், ஏர்ஸ்பான் மாதிரி நிறுவனங்களிடம் எல்லாம் ஒரே பெட்டிக்குள் அடங்கிய வகை கிடைக்கும். பேக்ஹால் (ஆபரேட்டர் நெட்வொர்க்குக்குப் போகும் இணைப்பு), பவர், சிங்க் மூன்றையும் கொடுத்தால் அதுவே முழு செல். நாலைந்து பெட்டி வரை இது சுகம், ஒரே மாடியில் இருபது வைத்தால் ஒன்றின் சத்தத்தில் மற்றது கேட்காது, அப்போது இன்டர்ஃபியரன்ஸைச் சமாளிக்க அவர்களிடம் என்ன மென்பொருள் இருக்கிறது என்பதுதான் உண்மையான கேள்வி. ஓபன் ரான் (வெவ்வேறு கம்பெனிகளின் பாகங்களைச் சேர்ப்பதற்கான பொதுத் தரம்) என்றால் யார் ரேடியோவும் யார் டியூவோடும் (ரேடியோவை இயக்கும் மூளை) சேரும் என்று விற்பனையாளர் சொல்வார். சேரும்தான், அந்த இருவரும் ஏற்கெனவே சேர்த்துப் பார்த்திருந்தால். சேர்த்துப் பார்த்த வெர்ஷன் எண்களைக் கேளுங்கள்.

ஏற்கெனவே இருக்கும் மேக்ரோ யாருடையது என்பதையும் மறக்காதீர்கள். 5ஜி என்எஸ்ஏ முறையில் ஓடினால் ஸ்மால் செல் 4ஜியின் தோளில்தான் உட்கார்ந்திருக்கும், இரண்டுக்கும் நடுவே எக்ஸ்2 என்ற இணைப்பில் பேச்சு வேண்டும். காகிதத்தில் அது பொதுத் தரம், நடைமுறையில் வேறு வேறு கம்பெனி என்றால் மாதக்கணக்கில் இழுக்கும். எஸ்ஏ, அதாவது 4ஜியின் துணையில்லாத 5ஜி, என்றால் இந்தச் சிக்கலில் பாதி இல்லை.

இன்னொன்று, இந்தத் தொழிலில் கம்பெனிகள் கைமாறிக்கொண்டே இருக்கும். ஏர்வானாவை 2015-இல் காம்ஸ்கோப் வாங்கியது, ஸ்பைடர்கிளவுடை 2017-இல் கார்னிங், ஐபி.ஆக்சஸை 2020-இல் மாவெனிர். ஏர்ஸ்பான் 2024-இல் திவால் பாதுகாப்புக்குப் போய்விட்டு வந்தது. இதெல்லாம் அவர்கள் மோசம் என்பதற்காகச் சொல்லவில்லை, நீங்கள் மாட்டும் பெட்டி ஏழெட்டு வருடம் கூரையில் இருக்கும், பெயர்ப்பலகை மாறினாலும் செக்யூரிட்டி பேட்ச் யார் தருவார் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். சில நாடுகளில் ஹுவாவே, இசட்டீஈ போடவே அனுமதி இல்லை, அதை முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

டிரையலுக்கு இரண்டு பேரை மட்டும் கூப்பிடுங்கள், அவர்களுடைய லேபில் அல்ல, உங்கள் கட்டடத்தில், உங்கள் ஸ்விட்ச்சில். குறைந்தது இரண்டு வாரம் ஓடட்டும். நடுவில் ஒரு நாள் அவர்களிடம் சொல்லாமல் சிங்க் கேபிளை உருவிவிட்டு, எத்தனை நிமிடத்தில் அலாரம் வருகிறது, செல் எப்போது அணைகிறது, திரும்பச் செருகினால் ஆள் போகாமலே எழுந்துகொள்கிறதா என்று கடிகாரத்தை வைத்துக்கொண்டு குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் இரவு பத்தரைக்கும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.