மின் ஸ்கேட்போர்டு பேட்டரி: கெட்டுப்போன ஜோடியைக் கண்டுபிடித்து மாற்றுவது

மேடேறும்போது போர்டு சட்டென்று நின்றுவிடுகிறது, அல்லது முழு சார்ஜ் போட்டும் பாதித் தூரம்தான் ஓடுகிறது. இதற்காகப் பேட்டரி பேக்கையே தூக்கிப் போட வேண்டாம். பெரும்பாலும் ஒரு ஜோடி செல்லோ ஒரு ஒயரோதான் பழுதாகியிருக்கும். இங்கே சொல்வது 10எஸ்2பி பேக்குக்கு: பக்க இணைப்பில் இரண்டிரண்டு 18650 வகை உருளை லித்தியம் செல்கள், அப்படிப் பத்து ஜோடிகள் தொடராக. முழு சார்ஜில் 42 வோல்ட். காலியானால் 30 வோல்ட் சுமார்.

முதலில் சார்ஜர் முனையில் 42 வோல்ட் வருகிறதா பாருங்கள். வராவிட்டால் பேக்கைத் திறக்கவே தேவையில்லை.

மோதிரம், வாட்ச் கழற்றிவிட்டுத் திறக்கவும். தின்னர் போல வாடை அடித்தாலோ செல் கசிந்திருந்தாலோ வேலையை அதோடு நிறுத்தி, பேக்கைத் திறந்தவெளியில் வையுங்கள்.

பிஎம்எஸ்ஸுக்கு, அதாவது செல்களைக் கண்காணித்துக் காக்கும் சர்க்யூட் பலகைக்கு, ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் போகும் 11 ஒயர் பேலன்ஸ் கனெக்டரைக் கழற்றி, அடுத்தடுத்த பின்களுக்கிடையே மல்டிமீட்டரில் அளந்தால் பத்து அளவுகள் கிடைக்கும். நல்ல பேக்கில் வித்தியாசம் 0.05 வோல்ட்டைத் தாண்டாது. ஒன்பது ஜோடிகள் 4.1 வோல்ட்டில் இருக்க ஒன்று மட்டும் 3.4 என்றால் குற்றவாளி அதுதான். மற்றவற்றில் எவ்வளவு சார்ஜ் இருந்தாலும், அந்த ஒன்று தாழ்ந்ததும் பிஎம்எஸ் மொத்தத்தையும் துண்டித்துவிடும். அளவு பூஜ்யமாகவோ தாறுமாறாகவோ வந்தால் செல்களை இணைக்கும் நிக்கல் பட்டையிலேயே நேராக அளந்து பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் அதிர்வில் பேலன்ஸ் ஒயர் விட்டுப்போயிருக்கிறது. திரும்பப் பற்றவைத்தால் போதும்.

தாழ்ந்த ஜோடியை மட்டும் பெஞ்ச் பவர் சப்ளையில் 4.20 வோல்ட், 0.5 ஆம்பியர் வைத்து ஏற்றுங்கள். பிஎம்எஸ் தானே சமன்செய்யும் என்று காத்திருந்தால் நாள்கணக்கில் இழுக்கும். அதன் பேலன்ஸ் மின்னோட்டம் பல பிஎம்எஸ்களில் சில பத்து மில்லி ஆம்பியர்தான். ஆனால் 2 வோல்ட்டுக்குக் கீழே கிடந்த செல்லை மட்டும் உயிர்ப்பிக்காதீர்கள். உள்ளே செம்பு கரைந்திருக்கும். சார்ஜ் ஏற்றும்போது அது படிந்து உள் ஷார்ட் ஆகலாம், தீயும் பிடிக்கலாம்.

சார்ஜ் ஏற்றியபின் கனெக்டரை மாட்டாமல் ஒரு வாரம் விட்டு மறுபடி அளக்கவும். மற்றவை அசையாதிருக்க அந்த ஜோடி மட்டும் இறங்கினால் மாற்றியே ஆக வேண்டும். அது இறங்காமல் நின்றும் மேட்டில் போர்டு அணைகிறதா? 12 வோல்ட் 55 வாட் ஹெட்லைட் பல்பு மூன்றைத் தொடராகக் கோத்துப் பேக்கில் சுமை கொடுங்கள். ஐந்து ஆம்பியர் அளவில் இழுக்கும். அப்போது அதிகம் தொய்யும் ஜோடி பலவீனமானது. பல்பு கடுமையாகச் சுடும், கவனம்.

மாற்றும்போது ஒரு செல்லை மட்டுமல்ல, ஜோடியையே மாற்றுங்கள். அதே மாடல் செல்லாக வாங்கி, மற்ற ஜோடிகளின் வோல்ட்டேஜுக்குக் கொண்டுவந்தபின் இணைக்கவும். பட்டை 0.15 மிமீ தடிமன், 8 மிமீ அகலச் சுத்த நிக்கல். ஒரு துண்டை உப்புத் தண்ணீரில் போட்டு வையுங்கள். துருப்பிடித்தால் அது முலாம் பூசிய இரும்பு. ஸ்பாட் வெல்டிங் மட்டுமே செய்யுங்கள். சால்டரிங் சூடு செல்லின் சீலைக் கெடுக்கும். பாசிட்டிவ் முனையில் இன்சுலேஷன் வளையம் கட்டாயம். அந்த முனையைச் சுற்றியுள்ள விளிம்பே நெகட்டிவ் என்பதால், மேலுறை தேய்ந்து பட்டை தொட்டால் நேரடி ஷார்ட்.

பூட்டும்போது மெயின் மைனஸ் முதலில், பேலன்ஸ் கனெக்டர் கடைசியில். வெளியே வோல்ட்டேஜ் வரவில்லையென்றால் சார்ஜரை ஒரு கணம் மாட்டுங்கள். பல பிஎம்எஸ்கள் அப்போதுதான் விழிக்கும். முதல் சார்ஜை சிமென்ட் தரையில், பக்கத்திலேயே இருந்து போடுங்கள்.